விரலுக்கு மட்டும் லீவு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, டத்தோ கிராமாட் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் கழிவு விலைக் கடையின் கடைசி அடுக்கில் ஒரு சவுக்காரத் தூள் பொட்டலத்தைப் பார்த்தேன். நீல நிறப் பொட்டலம். ஒரு மூலை கிழிந்து, அதன்மேல் பழுப்பு ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்கள். நாடா ஓரிடத்தில் உரிந்து, ஒரு கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தது. அந்த அடுக்கில் கிழியாத பொட்டலங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. சின்னம்மா வந்திருந்தால் அவற்றை ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டார். நேராக இந்தக் கிழிசலிடம்தான் வந்திருப்பார்.

கிழிசல் இருந்தால்தான் சோதித்துப் பார்க்க முடியும். அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தல் கிடக்கும். மூடியில் கொஞ்சம் ஊற்றி, வலது கட்டைவிரலை நனைத்து, கிழிசல் வழியாகத் தூளுக்குள் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பத்து எண்ணும் நேரம். பிறகு விரலை எடுத்து ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்ப்பார். தீர்ப்புக்கு அவரிடம் மூன்றே சொற்கள் இருந்தன. விரல் சுட்டால் ‘சூடு’. முடிதிருத்தும் கடைத் துண்டுகளில் ஏறிய தலை எண்ணெயை அதுதான் எடுக்கும். சுடாமல் வழுக்கினால் ‘வழவழ’. அது வீட்டுத் துணிக்கு. நறநறவென்று இருந்தால் ‘மண்ணு’. அதை எந்த விலைக்குக் கொடுத்தாலும் தொடமாட்டார். “நுரைக்கும் தம்பி, வெளுக்காது. நுரையைப் பாத்து ஏமாறுறவன் சவுக்காரம் வாங்கக் கூடாது” என்பார். பொட்டலத்தின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் அவருக்கு அக்கறை கிடையாது. அதைப் படிப்பது என் வேலை. தயாரித்த மாதம், எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்று நான் படித்துச் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டு விரலை நனைப்பார்.

அவர் என் அம்மாவின் தங்கை. கணவர் இறந்ததும் ஏழு வயது மகளோடு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. “வாடகையெல்லாம் ஒண்ணும் வேணாம், இது உன் வீடு மாதிரி” என்று அப்பா சொன்னார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்பாவின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசினார்கள்; அப்பாவும் பேசவிட்டார். வந்த மறுநாள் காலையிலேயே சின்னம்மா எங்கள் மூன்று பேர் துணியையும் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். துவைக்கும்படி யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் அது அப்படியே நடந்தது. அதற்கு வாடகை என்று பெயர் வைத்திருந்தால்கூட ஒரு நாள் “இந்த மாதம் கட்ட முடியவில்லை” என்று சொல்ல வழி இருந்திருக்கும். பெயர் வைக்காததால் அதற்கு விடுமுறையும் இல்லாமல் போயிற்று.

வீட்டில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது. சின்னம்மா வந்த இரண்டாவது ஆண்டு அது சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று அம்மா ஓரிரு முறை சொன்னார். அப்பா தன் சட்டைக் காலரைத் தூக்கிக் காட்டி, “மிஷின்ல போட்டா இப்படி வெளுக்குமா? இவ கைதான் மிஷின்” என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். சின்னம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த இயந்திரத்தின் தொட்டி அவர் வாங்கிவரும் பொட்டலங்களுக்குக் கிடங்கு ஆனது. மூடியைத் திறந்தால் நசுங்கிய டப்பாக்களும் கிழிந்த பைகளும் கழுத்துவரை நிற்கும். பின்கட்டில் சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி அவர் துவைப்பார். இயந்திரம் அவர் முதுகுக்குப் பின்னால் சவுக்காரத்தைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கும்.

எங்கள் துணியோடு, தெருமுனையில் இருந்த முடிதிருத்தும் கடையின் துண்டுகளையும் அவர் கூலிக்குத் துவைத்தார். மகளின் படிப்பு அந்தத் துண்டுகளில்தான் நடந்தது. அதனால்தான் மலிவுச் சவுக்காரத்தைத் தேடி இவ்வளவு அலைச்சல். எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் உண்டு: லெலோங். மலாயில் ஏலம் என்று பொருள். போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் பினாங்கில் கடை மூடும்போது தள்ளிவிடுகிற சரக்கு, உறை மாறிப்போன சரக்கு, மழையில் நனைந்த சரக்கு, எல்லாமே லெலோங்தான். எங்கே லெலோங் என்றாலும் சின்னம்மா அங்கே இருப்பார். அதனால் சொந்தக்காரர்கள் அவரை லெலோங் சின்னம்மா என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில், பந்தியில், நாலு பேர் சிரிக்கும்படியாக.

எனக்கு எதையும் நாள் வாரியாகக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. எந்தக் கடை எப்போது மூடுகிறது, எந்தக் கிடங்கில் எந்தக் கிழமை சரக்கு இறங்குகிறது என்று சின்னம்மாவுக்காகவே ஒரு தனி நோட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்து அவர் தன் வாரத்தைத் திட்டமிடுவார். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. இந்தக் குறிப்பை எழுதுமுன் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகளின் சவுக்காரம் அதில் இருக்கிறது. அவருடைய கையைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பார்த்த வேலை, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பழைய லெலோங் கடை இருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். என் விடுமுறை நாட்களில் சின்னம்மாவோடு நானும் போவேன். அவர் போத்தலைத் திறக்கும்போதே தவுக்கே முக்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

“ஆச்சி, ஜாங்கான் கோரேக் லா!” தோண்டாதே என்று கத்துவார்.

“கோரேக் இல்ல தவுக்கே, தெஸ் பண்றேன், தெஸ்!” டெஸ்ட்டைத்தான் அப்படிச் சொல்வார்.

“தெஸ் தெஸ்னு பாதி பேக் காலி!” தவுக்கேவுக்குத் தமிழ் கொஞ்சம் வரும், திட்டும்போது நன்றாகவே வரும்.

“மண்ணைக் கலந்து விக்கிறீங்க, தோண்டினாத்தானே தெரியும். வீடு கட்டவா சவுக்காரம் வாங்குறேன்?”

தவுக்கே வாய்விட்டுச் சிரித்துவிடுவார். கடைசியில், புதிதாக வந்த மூட்டைகளை அவரே பிரித்து, “ஆச்சி, இது பாரு, நல்லதா?” என்று கேட்கும் நிலை வந்தது. சின்னம்மா ‘மண்ணு’ என்று சொன்ன சரக்கை அவர் கடையின் முன்வரிசையில் வைத்து மற்றவர்களுக்கு விற்றார். அதைப் பார்த்து நாங்கள் இருவரும் ஃபெர்ரி அக்கரைக்கு வரும்வரை சிரித்தோம். அந்தக் கடையில் சின்னம்மா நின்ற நிலையை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

அந்தக் கடையில்தான் ஒரு நாள் பெயரில்லாத சாக்கு வந்து இறங்கியது. ஏதோ ஒரு பெரிய சலவைக்கூடம் மூடியபோது மிஞ்சிய தூள் என்றார் தவுக்கே. வெள்ளைச் சாக்கு, எழுத்தே இல்லை, படிக்க எனக்கு ஒன்றுமில்லை. சின்னம்மா விரலை நனைத்து உள்ளே விட்டார். பத்து எண்ணுவதற்கு முன்பே வெடுக்கென்று எடுத்துவிட்டார். கட்டைவிரல் சிவந்திருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி.

“தம்பி, இது சிங்கம்லா!”

இரண்டு சாக்கு வாங்கி, வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலம் வழியாக வந்தோம். அன்றைய குறிப்பில், ‘இதுவரை கிடைத்ததில் சிறந்த சரக்கு’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். ஓராண்டுக்கு மேல் அந்தத் தூள்தான். எங்கள் சட்டைகள் கண் கூசும்படி வெளுத்தன. சின்னம்மாவின் உள்ளங்கை முதலில் உரிந்தது, பிறகு வெடித்தது, பிறகு வெடிப்பும் மறைந்து, மினுமினுவென்று வழுக்கையாக ஆகிவிட்டது. இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார். “கை என்ன இப்படி இருக்கு?” என்று அம்மா ஒரு முறை கேட்டார். “சரியாயிடும்க்கா” என்றார். அக்கா நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது.

அவருடைய மகள், அதாவது என் தங்கை, படித்து முடித்துச் சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். கணவனுக்குத் தாய் இல்லை. தலைப்பிள்ளை உண்டானதும், பிரசவத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது போன் செய்தாள். தாழ்வாரத்தில் நின்று சின்னம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

“அம்மா, நீங்க வந்துடுங்கம்மா. எனக்கு இங்க யாரும் இல்ல. வலி எடுக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்.”

“வராம எங்கடி போவேன்? பறந்து வருவேன்.”

ஐம்பத்தைந்து வயதுவரை சின்னம்மா நாட்டை விட்டு வெளியே போனதில்லை. கடப்பிதழ் எடுக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை குடிநுழைவு அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அடையாள அட்டையைச் செருகிவிட்டு, வலது கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி. சிவப்பு. இடது கட்டைவிரல். சிவப்பு. அந்தப் பெண் எழுந்து வந்து, சின்னம்மாவின் விரலைத் தன் கையில் வாங்கி விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். இருபது ஆண்டுகளில் அந்த விரலை அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

“மக்சிக், கெர்ஜா சூச்சி கா?” அம்மா, துவைக்கிற வேலையா என்று மெதுவாகக் கேட்டார்.

சின்னம்மா தலையாட்டினார். ரேகை தேய்ந்துவிட்டது, ஆனால் திரும்ப வளரும் என்று அந்தப் பெண் விளக்கினார். மூன்று வாரம் சவுக்காரமே படக்கூடாது. களிம்பு தடவிக்கொண்டு திரும்ப வாருங்கள், அநேகமாகப் பதிந்துவிடும். இல்லாவிட்டால் கடிதம், சரிபார்ப்பு என்று வேறு வழி இருக்கிறது, அது நாளாகும். அந்தப் பெண்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் கொடுக்காத ஒன்றை, விடுமுறையை, அந்நியரான அவர்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிதிருத்தும் கடைக்காரரிடம் போய்ச் சொன்னோம். அவர் சீப்பைக் கீழே வைக்காமலே, “ஒரு மாசம்தானேக்கா? நான் டோபில போட்டுக்கிறேன். நீங்க பேரப்பிள்ளையப் பாத்துட்டு வாங்க, துண்டு எங்கயும் ஓடிடாது” என்றார். கூலி கொடுக்கிறவர், ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது சின்னம்மா எங்களிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அப்பா, “அதுக்கென்ன, நல்லா ரெஸ்ட் எடு” என்றார். அம்மா, “நான் பாத்துக்கிறேன், நீ தண்ணி பக்கமே போகாதே” என்றார். நான் நோட்டில் மூன்று வாரத்துக்குக் கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளையும் அடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னேன். எல்லாரும் நல்லவர்களாக இருந்தோம், நான்கு நாட்களுக்கு.

ஐந்தாம் நாள் அம்மாவுக்கு இடுப்பு வலி. அது பொய் இல்லை, அம்மாவுக்கும் வயதாகியிருந்தது. ஆறாம் நாள் அப்பா ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிவந்து, “இதைப் போட்டுக்கிட்டா தண்ணி படாதுல்ல, அவசரத்துக்குத்தானே” என்று பின்கட்டுத் திட்டில் வைத்தார். லெலோங்கில் வாங்கியது, இரண்டாவது நாளே விரல் இடுக்கில் கிழிந்தது. கையுறைக்குள் புகுந்த சவுக்காரத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே ஊறும். இதற்கிடையில் தைப்பூசம் நெருங்கிவிட்டது. கூலிமிலிருந்து அப்பாவின் தம்பி குடும்பம் வழக்கம்போல ஒரு வாரம் முன்னதாகவே வந்து தங்கியது. மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, பிள்ளைகளின் துணி. தினமும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் தண்ணீர்ப் பந்தல் வேலையில் அழுக்காகித் திரும்புவார்கள். பின்கட்டுக் கூடையில் துணி வந்து விழுந்துகொண்டே இருந்தது. யாருக்கும் சின்னம்மாவுக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை. கூடை இருந்த இடத்தில் இருந்தது, பழக்கப்பட்ட கைகள் துணியைப் போட்டன.

மூன்று வாரம் டோபிக்குப் போட எங்களால் முடியாதா? முடியும். அப்பா ஓய்வூதியக்காரர், நான் சம்பளக்காரன். டோபிக் கடை எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். முடிதிருத்தும் கடைத் துண்டுகள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. எங்கள் துணி போகவில்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை என்று அப்பா பின்னால் சொன்னார். உண்மைதான். எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஒன்பதாம் நாள் கூடையின் மேலே கிடந்தவை என் வெள்ளைச் சட்டைகள், மூன்று. மறுவாரம் தொழிற்சாலைக்குத் தணிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலை நானே கொண்டுபோய்ப் போட்டேன். அதே இரவு நோட்டில் எட்டாம் நாள் கட்டத்தையும் நானே அடித்தேன். இரண்டையும் செய்தது இதே கை.

காலையில் பல் துலக்கப் பின்கட்டுக்குப் போனேன். சின்னம்மா சிமெண்டுத் தொட்டி அருகில் குந்தி என் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கையின் நான்கு விரல்கள் மட்டும் தண்ணீரில் வேலை செய்தன. கட்டைவிரல் நட்டுக்கொண்டு தனியாக நின்றது. அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையின் துண்டைக் கட்டி, ரப்பர் வளையம் போட்டிருந்தார். பார்ப்பதற்கு யாருக்கோ ‘பிரமாதம்’ என்று காட்டுவதுபோல இருந்தது.

நான் சிரித்தேன். “என்ன சின்னம்மா, எல்லாம் சூப்பரா?” என்று என் கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினேன்.

அவரும் சிரித்தார். “விரலுக்கு மட்டும் லீவு தம்பி” என்றார்.

நான் பல் துலக்கிவிட்டு உள்ளே போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை. டோபிக்குக் கொடுக்கவில்லை. ஒரு வாளி தண்ணீர்கூட எடுத்து ஊற்றவில்லை. திங்கட்கிழமை அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு தணிக்கையாளர்கள் முன் நின்றேன். காலர் கண் கூசும்படி வெளுத்திருந்தது.

தைப்பூசம் முடிந்து விருந்தாளிகள் போனதும் மறுபடி குடிநுழைவு அலுவலக முகப்புக்குப் போனோம். அதே மலாய்ப் பெண் எங்களை அடையாளம் கண்டு புன்னகைத்தார். சின்னம்மா விரலைக் கண்ணாடியில் வைத்து, சவுக்காரக் கடையில் நிற்பதுபோலவே கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பு. இடது கை. சிவப்பு. அந்தப் பெண் விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். கடிதத்துக்கான படிவங்களை எடுத்து வைத்தார். சின்னம்மா என் பக்கம் திரும்பி, “என் தப்புதான் தம்பி, நான்தான் சும்மா இருக்கல” என்றார்.

இந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கோபத்தில் ஒரு பங்கு அவர்மேலேயே போகிறது. திட்டியிருக்கலாம். கூடையைக் கவிழ்த்திருக்கலாம். தவுக்கேயை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர், ‘மண்ணு’ என்று ஒரே சொல்லில் ஒரு மூட்டையைத் தள்ளத் தெரிந்தவர், எங்களை ஒரு முறையாவது அப்படித் தள்ளியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவருக்குக் கால் வைக்க இருந்த இடமே அந்தத் தொட்டியின் ஓரம்தான். அதையும் நாங்கள்தான் அளந்து கொடுத்திருந்தோம்.

படிவங்கள் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்த வாரத்தில், ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் குழந்தை பிறந்தது. பெண். பதினாறு மணி நேர வலி. மருத்துவமனையில் கூட இருந்தது வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொன்ன கணவன் மட்டும்தான். அவன் போனில் குழந்தையின் அழுகையைக் கேட்கவைத்தான். சின்னம்மா கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு கேட்டார். ஏன் கையில் பிடிக்கவில்லை என்றால், இரண்டு கையிலும் நுரை இருந்தது.

கடப்பிதழ் வந்து அவர் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு இரண்டு மாதம். பேருந்தில் கூடவே போய் விட்டுவிட்டு வந்தவன் நான். கதவு திறந்ததும் தங்கை குழந்தையை நீட்டினாள். சின்னம்மா வாங்கிக்கொண்டார், ஆனால் ஒரு துண்டை விரித்து அதன்மேல்தான் வாங்கினார். குழந்தையின் கன்னத்தைப் புறங்கையால் தடவினார். தங்கை, “என்னம்மா, கையால தொடுங்க” என்றாள். “வேணாம்டி, கீறிடும்” என்றார். வெடிப்புகள் அந்த வாரம் திரும்ப வந்திருந்தன. தங்கை அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இப்போது கேட்கக்கூடிய ஆள் இருந்தாள், அவள் கேட்டாள்.

“அண்ணே, என் அம்மா என்ன, உங்க வீட்டுக்கு லெலோங்ல கிடைச்ச சாமானா?”

சின்னம்மா, “ஏய், அண்ணனை அப்படிப் பேசாதே” என்று அதட்டினார். நான் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. கழற்றாமலே திரும்பினேன். தங்கை தன் அம்மாவைத் திருப்பி அனுப்பவில்லை. நல்லது செய்தாள்.

சின்னம்மா போன வாரமே அம்மா ஆளைக் கூப்பிட்டு இயந்திரத்தைப் பார்க்கச் சொன்னார். நானும் அப்பாவும் தொட்டிக்குள் இருந்த பொட்டலங்களை வெளியே எடுத்து அடுக்கினோம். பழுதுபார்க்க வந்தவர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மோட்டார்லாம் நல்லாத்தான் இருக்குங்க. பெல்ட்டு கழண்டு கிடக்கு, அவ்வளவுதான்” என்றார். பழைய பெல்ட்டையே மாட்டிச் சுற்றவிட்டார். சுற்றியது. ஒரு தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அப்பா பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். “யாருக்குத் தெரியும்” என்றார். தெரிந்துகொள்ள ஒரு திருகாணியைக் கழற்ற வேண்டியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் எங்களில் ஒருவரும் அதைக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் குறிக்கும் நான், அன்றைய நாளை நோட்டில் குறிக்கவில்லை. பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. சின்னம்மா சிங்கப்பூரில் இருக்கிறார், எழுபதை நெருங்குகிறார். அவரைப் பாராட்டி நான் எழுதியிருக்க வேண்டும் என்று இதைப் படிக்கும் உறவினர் சிலர் சொல்வார்கள். சிக்கனம், உழைப்பு, பொறுமை என்றெல்லாம். அவர்களில் பலர் அந்தக் கூடையில் துணி போட்டவர்கள். பாராட்டு எங்கள் வீட்டில் எதற்குப் பயன்பட்டது என்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்குச் சின்னம்மாவோடு பேசினேன். வழக்கம்போல என் உடம்பு, என் சாப்பாடு என்று விசாரித்துவிட்டு, கடைசியில், “தம்பி, ஒண்ணு தெரியுமா? எல்லையில இப்ப விரல் வச்சா கேட்டு டக்குன்னு திறக்குது. பச்சை லைட்டு. பேத்தி கைதட்டுறா” என்றார். அவர் குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. நான் ஒரு மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன், பல ஆண்டுகளாக. கேட்க இடமே கொடுக்காமல் பேச்சை முடித்துவிட்டார்.

அதனால் சென்ற மாதம் அந்தக் கழிவு விலைக் கடையின் கடைசி அடுக்கில், நீலப் பொட்டலத்தின் முன் நின்றுகொண்டிருந்தேன். பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. மூடியில் ஊற்றி, வலது கட்டைவிரலை நனைத்து, கிழிசல் வழியாக உள்ளே அழுத்தினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்து வரும்போது விரல் சுடத் தொடங்கியது. ஏழில் எரிந்தது. பத்துவரை வைத்திருந்தேன்.

“அங்கிள், ஜாங்கான் கோரேக் லா!” பின்னாலிருந்து கடைப்பெண் கத்தினாள்.

விரலை வெளியே எடுத்தேன். ஈரத்தில் ஒட்டிய வெள்ளைத் தூள் கோடுகளுக்கு இடையில் படிந்து, என் ரேகையை அச்சடித்ததுபோல எடுத்துக் காட்டியது. சுழி, அதைச் சுற்றிய வளைவுகள், ஓரத்தில் பிரிந்து ஓடும் சிறு கோடுகள். உருப்பெருக்கி இல்லாமலே எல்லாம் தெரிந்தது. ஒரு கோடுகூடத் தேய்ந்திருக்கவில்லை.